எம்ஆர்ஐ நார்மல், ஆனாலும் மறதி: கோவிட் மூளையை என்ன செய்கிறது?

கேள்வி: கோவிட் வந்து ஓராண்டு ஆகிறது. பேசும்போது பாதியில் சொல் வராமல் நின்றுவிடுகிறேன். பழகிய கணக்கு வேலையிலும் தடுமாற்றம். எம்ஆர்ஐ நார்மல், எல்லாம் மனசுதான் என்கிறார்கள். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: ஸ்கேன் நார்மல் என்பது நல்ல செய்திதான். கட்டி, பக்கவாதம் போன்றவை தென்படவில்லை. அதற்காக உங்கள் தடுமாற்றம் கற்பனை ஆகிவிடாது. வழக்கமான எம்ஆர்ஐயில் நுண்ணிய அழற்சி தெரியாது.

வைரஸ் மூளைக்குள் புகுந்து பெருகுவதைவிட, தொற்றுக்குப் பிறகும் நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்காமல் இருப்பதே முக்கியக் காரணமாக இருக்கலாம். மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் உண்டு. லேசான கோவிட் வந்த எலிகளில்கூட இவை வாரக்கணக்கில் தூண்டப்பட்டே இருந்தன. நரம்பிழை உறையை உருவாக்கும் செல்கள் குறைந்தன. உறை குறைந்தால் செய்தி மெதுவாகத்தான் போகும். 2024இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர், பிரெயின் ஃபாக் (உங்களைப் போன்ற மறதி, சிந்தனைத் தடுமாற்றம்) உள்ளவர்களுக்குச் சாயம் செலுத்தி எடுத்த சிறப்பு எம்ஆர்ஐயில், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு கசிவதைக் கண்டார்கள். உடலில் தங்கும் வைரஸ் எச்சம், நுண் ரத்தக்கட்டிகள் என்று வேறு சந்தேகங்களும் உண்டு.

சரி, நிரந்தரமா? 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், கோவிட் வந்த 401 பேருக்கு, வராதவர்களைவிட மூளையின் சில பகுதிகள் 0.2 முதல் 2 சதவீதம் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. பெரும்பாலும் வாசனையோடு தொடர்புள்ள இடங்கள். பயமுறுத்தும் செய்திதான், ஆனால் அது 51 வயதைத் தாண்டியவர்களின் சராசரி. 2024இல் இங்கிலாந்தில் லட்சம் பேருக்கு மேல் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதித்தபோது, அறிகுறிகள் மாதக்கணக்கில் நீடித்துப் பிறகு விலகியவர்களின் மதிப்பெண், சீக்கிரம் குணமானவர்களுடையதை ஒட்டியே இருந்தது. நான் நம்பிக்கை வைப்பது இதில்தான்.

முதலில் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை பாருங்கள்; குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனையும். அப்புறம் பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். எழுந்து, பிடிமானம் அருகில் இருக்க, பத்து நிமிடம் நின்றபடி மறுபடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நீடித்தால், அது எழுந்து நிற்கும்போது இதயத் துடிப்பு மிகையாகும் கோளாறாக (POTS) இருக்கலாம்; மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கடுமையாக வேலை செய்த மறுநாள் படுத்துவிடுகிறீர்களா? அப்படியானால் உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் அறிவுரை உங்களுக்கு வேண்டாம். சோர்வு வரும் முன்பே நிறுத்துங்கள். கணக்கு வேலையைச் சிறு துண்டுகளாக்கி, நடுவில் படுத்து ஓய்வெடுங்கள். ஒரு பக்கம் பலவீனம், வாய் கோணல், வலிப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.