12 லட்ச ரூபாய் ஏரோ சைக்கிள்: கடனுக்கு முன்னால் ஃபிட்டிங்

கேள்வி: வணக்கம் சார். வயது 38, சென்னையில் ஐடி வேலை. பிடித்தம் போக மாதம் 1.9 லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் இஎம்ஐ 62,000, மற்ற எல்லாச் செலவும் போக 35,000 மிஞ்சும். எஃப்டியில் 6 லட்சம், மகள் படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம், அடுத்த மாதம் வரி போக 4 லட்சம் போனஸ். சில வருடங்களாக ஈசிஆரில் அலுமினிய ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை குழுவோடு மாமல்லபுரம் தாண்டிப் போய் வருவோம், சராசரி வேகம் 30 கி.மீ. இப்போது காற்றைக் கிழித்துப் போகும்படி வடிவமைத்த ஒரு உயர்ரக ஏரோ சைக்கிள் வாங்க ஆசை. ஸ்பெஷலைஸ்டு எஸ்-வொர்க்ஸ் டார்மாக் எஸ்எல்8, செர்வெலோ எஸ்5, ஜயன்ட் புரோபெல், இல்லை என்றால் கேன்யான் ஏரோட். கேன்யானை ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் கொண்டு வருவதாகச் சொல்கிறான். 12 லட்சம் வரை போகலாம் என்று பார்க்கிறேன். 5 லட்சம் பர்சனல் லோன், மீதி போனஸ், ஃபண்டில் கொஞ்சம். உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. 60 கி.மீ. தாண்டினால் கழுத்தும் கீழ் முதுகும் பிடித்துக்கொள்கிறது. கொடுக்கிற காசுக்கு எது தகும்? 52 சைஸா, 54 சைஸா?

பதில்: வாங்குங்கள். ஆனால் 12 லட்சத்துக்கு வேண்டாம், கடனில் வேண்டாம், ஃபிட்டிங், அதாவது உங்கள் உடம்பு அளவுக்குச் சைக்கிளைப் பொருத்திப் பார்ப்பது, அதைச் செய்துகொள்ளாமல் வேண்டவே வேண்டாம். எல்லாம் சேர்த்து 6 லட்சம், அதுதான் உங்கள் பட்ஜெட். சைக்கிளுக்குப் போய் இவ்வளவு பணமா என்று கேட்கிற ஆள் நான் இல்லை, வாராவாரம் விடியற்காலையில் எழுந்து இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் அந்த ஆசைக்கு மரியாதை உண்டு. அதனால்தான் அந்தப் பணம் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டும் என்கிறேன்.

முதலில் பணம். உங்கள் வீட்டுக்கு மாதம் 1.55 லட்சம் செலவாகிறது. அப்படிப் பார்த்தால் எஃப்டியில் இருக்கும் 6 லட்சம் நான்கு மாதத்துக்குக்கூடப் போதாது, அதுவும் ஐடி வேலையில் இருந்துகொண்டு. எனவே அதைத் தொடக்கூடாது, முடிந்தால் கூட்ட வேண்டும். ஃபண்ட் மகளுடையது. அதை விற்றால் வரி ஒன்றும் பெரிதாக வராது, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். பிரச்சினை வரியில் இல்லை, கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வருடம் சைக்கிளுக்காகத் தள்ளிப் போகாது என்பதில்தான். அப்புறம் கடன். 5 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 16,850 கட்ட வேண்டும், அதாவது உங்களுக்கு மிஞ்சும் 35,000-இல் கிட்டத்தட்டப் பாதி. வட்டி மட்டும் ஒரு லட்சத்து ஆறாயிரம் ஆகிறது. அந்தக் காசில் ஒரு நல்ல கார்பன் வீல்செட்டே வாங்கலாம். கடையில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஆரம்பித்தால், முழுப் பணமும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆக, போனஸில் ஒரு லட்சத்தை எஃப்டியில் சேர்த்துவிடுங்கள். மீதி 3 லட்சம், அதோடு மாதம் 35,000 வீதம் ஒன்பது மாதம். 6 லட்சம் கையில் வந்துவிடும். ஒன்பது மாதமா என்று தோன்றும். அந்த ஒன்பது மாதத்துக்கும் வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

12 லட்சத்தில் அந்த இரண்டாவது 6 லட்சம் எதை வாங்கித் தருகிறது என்று பாருங்கள். டார்மாக் எஸ்எல்8 2023 ஆகஸ்டில் வந்தபோது அமெரிக்காவில் உச்ச மாடலான எஸ்-வொர்க்ஸின் விலை 14,000 டாலர், அதே எஸ்எல்8-இன் எக்ஸ்பர்ட் மாடல் 6,500 டாலர். இரண்டுக்கும் ஃபிரேம் வடிவம் ஒன்றுதான். கார்பன் தரம்தான் வேறு, எஸ்-வொர்க்ஸ் ஃபிரேம் 685 கிராம், மற்றது 780 கிராம் என்று கம்பெனியே சொல்கிறது. வித்தியாசம் 95 கிராம். உங்கள் மீது மோதுகிற காற்றுக்கு உள்ளே எந்தக் கார்பன் இருக்கிறது என்று தெரியாது, அது வெளிவடிவத்தைத்தான் பார்க்கிறது. கியரும் அப்படியே. ஷிமானோவின் உச்ச கியர் செட் டியூரா-ஏஸ், அதற்கு அடுத்த படி அல்டெக்ரா, இரண்டும் 2021-இல் ஒன்றாக வந்தவை, இரண்டிலும் பின்னால் 12 கியர், இரண்டும் எலக்ட்ரானிக் டிஐ2. டியூரா-ஏஸுக்கு எடை கால் கிலோ அளவுக்குக் குறைவு, அவ்வளவுதான். கொடைக்கானல் ஏறுகிறவர் இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது போடலாம். ஈசிஆரில் ஏற்றமே இல்லை சார்.

ஏரோ விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேபிள் வெளியே தொங்குகிற, உருண்டைக் குழாய் அலுமினிய சைக்கிளில் இருந்து 50 மி.மீ. ஆழ ரிம் போட்ட ஏரோ சைக்கிளுக்கு மாறினால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும், அது விளம்பரப் பேச்சு இல்லை. நீங்கள் பட்டியல் போட்டவற்றுக்குள் எது வேகம் என்பதுதான் வீண் கேள்வி. எஸ்எல்8 அதன் முந்தைய எஸ்எல்7-ஐவிட 40 கி.மீ.க்கு 16.6 விநாடி வேகம் என்பது கம்பெனி கணக்கு. 45 கி.மீ. வேகத்தில் 40 கி.மீ. ஓட்ட 53 நிமிடம் ஆகும், அதில் 16 விநாடி என்றால் அரை சதவீதம். ஜெர்மனியின் டூர் பத்திரிகையும் காற்றுச் சுரங்கத்தில் 45 கி.மீ. வேகத்தில்தான் சோதிக்கிறது, அங்கே முன்வரிசை சைக்கிள்களுக்குள் இருக்கும் இடைவெளி சில வாட்தான். நீங்கள் ஓட்டுவது 30. காற்றை எதிர்க்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும், எனவே 45-இல் 7 வாட் வித்தியாசம் என்றால் 30-இல் அது 2 வாட். குழுவில் ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் அதுவும் இல்லை.

காற்று எதிர்ப்பில் முக்கால் பங்கு சைக்கிளால் வருவதே இல்லை, உங்கள் உடம்பால் வருகிறது. 60 கி.மீ.க்கு மேல் கழுத்து பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வலி வந்ததும் என்ன செய்வீர்கள்? கீழே பிடித்திருந்த கையை மேலே எடுத்து, முதுகை நிமிர்த்தி, மார்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு ஓட்டுவீர்கள். 12 லட்சம் கொடுத்து வாங்கிய வாட் எல்லாம் அந்த நிமிடமே போய்விடும். ஏரோ சைக்கிள்களில் ஹேண்டில்பார் தாழ்வாகத்தான் இருக்கும், அதனால் வலி 60-க்குப் பதில் 40-லேயே வரக்கூடும்.

52-ஆ 54-ஆ என்பதற்கு உயரத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்லக்கூடாது. 170 செ.மீ. இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். ஃபிரேமில் பார்க்க வேண்டியது ஸ்டாக், ரீச் என்கிற இரண்டு அளவுகள். பெடல் கிராங்க் சுழலும் நடு அச்சில் இருந்து ஹெட் டியூபின், அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் முன்குழாயின், உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். எஸ்எல்8-இல் 52 சைஸுக்கு ஸ்டாக் 517 மி.மீ., ரீச் 380. 54 சைஸுக்கு 534, 384. அதாவது 54-க்குப் போனால் 17 மி.மீ. உயரம் கிடைக்கிறது, நீளம் 4 மி.மீ.தான் கூடுகிறது. முதுகு பிடிக்கிற உங்களுக்கு 54 சரியாக இருக்கலாம் என்று காகிதத்தில் தோன்றுகிறது, ஆனால் இதை நானோ கடைக்காரரோ சொல்லக்கூடாது, ஃபிட்டர் சொல்ல வேண்டும். இப்போதிருக்கும் அலுமினிய சைக்கிளிலேயே போய் உட்காருங்கள். சீட் உயரம், சாய்வு, ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட், ஹேண்டில்பார் அகலம் எல்லாம் பார்த்து மாற்றுவார்கள். வலி பாதி அங்கேயே தீரலாம், சீட் முனை சற்றுத் தூக்கியிருந்தாலே கீழ் முதுகு பிடிக்கும். அந்த மாற்றத்தோடு இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, உடம்பு பழகியதும் மறுபடி போய், ஹேண்டில்பார் எங்கே இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். ஒன்பது மாதத்துக்கு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான். அளவு கொடுக்காமல் பட்டுத்துணியை வெட்டச் சொல்கிறவர் உண்டா?

அந்த எண்கள் கையில் இருந்தால் பல மாடல்கள் தானாகக் கழன்றுவிடும். ஹேண்டில்பார் உங்களுக்கு வேண்டிய உயரத்துக்கு வர, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் 30, 35 மி.மீ. உயரம் ஸ்பேசர் வளையம் அடுக்கினால்தான் சரிவரும் என்றால் அது உங்கள் ஃபிரேம் இல்லை. அப்போது டிரெக் டொமானே, ஜயன்ட் டிஃபை, ஸ்பெஷலைஸ்டு ரூபே போன்ற, சற்று நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ் ஃபிரேமில் நல்ல ஆழ ரிம் போட்டு ஓட்டுவதுதான் உங்களுக்கு ஏரோ. குழுவில் யார் என்ன சொன்னாலும் சரி.

ஏரோ ஃபிரேமே பொருந்துகிறது என்றால் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள். எஸ்-வொர்க்ஸில் ஸ்டெம்மும் பாரும் ஒரே கார்பன் துண்டு. நீளம் 10 மி.மீ. மாற்ற வேண்டுமென்றாலும் முழுதாக மாற்ற வேண்டும், அதற்கே அரை லட்சம் ஒட்டி வரும். செர்வெலோ எஸ்5-க்கு முன்புறம் அதற்கென்றே செய்தது, சாதாரண ஸ்டெம் ஏறாது. எஸ்எல்8 எக்ஸ்பர்ட் மாடலில் ஸ்டெம்மும் பாரும் தனித்தனி. 2022-இல் வந்த புரோபெலிலும் அப்படித்தான், உங்களுக்குச் சாதகம். ஆனால் புரோபெலில் அட்வான்ஸ்டு எஸ்எல் என்கிற உச்ச மாடலில் சீட் போஸ்ட் ஃபிரேமோடு ஒன்றாக இருக்கும், உங்கள் கால் அளவுக்கு அறுக்க வேண்டும். அறுத்த பிறகு விற்கப் போனால் உங்களைவிடக் கால் நீளமானவர் வாங்க முடியாது. அதற்கு ஒரு படி கீழே அட்வான்ஸ்டு புரோவில் போஸ்ட் தனி. காசுக்கும் அதுவே தகும். ஒரு எச்சரிக்கை: ஜயன்ட்டின் கார்பன் வீல்கள் ஹுக்லெஸ் ரிம், அதாவது டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி விளிம்பில் இருக்காது. அதற்கு ஏற்றதென்று டயர் கம்பெனி சொல்லும் டயர்தான் போட வேண்டும், காற்று 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. பழைய பழக்கத்தில் 100 அடிப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள்.

என் தேர்வு: புரோபெல் அட்வான்ஸ்டு புரோ, அல்லது எஸ்எல்8 எக்ஸ்பர்ட். ஃபிட்டரின் எண்கள் எதில் 20 மி.மீ. ஸ்பேசருக்குள் அடங்குகிறதோ அது. 6 லட்சத்துக்குள் வரவில்லை என்றால் அதே ஃபிரேமில் அல்டெக்ராவுக்கு ஒரு படி கீழே உள்ள 105 டிஐ2 கியர் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். கியரைப் பிறகு மாற்றலாம், ஃபிரேமை மாற்ற முடியாது.

கேன்யான் நல்ல சைக்கிள், ஆனால் உங்களுக்கு வேண்டாம். நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் கம்பெனி, பக்கத்துக் கடையில் போய் ஸ்டெம் மாற்றிக் கேட்க முடியாது. அத்தை மகன் லக்கேஜில் கொண்டு வந்தாலும் இலவச வரம்புக்கு மேல் சுங்கம் கட்ட வேண்டும், அவர் ஜெர்மனியில் குடியிருப்பதால் அங்கே கட்டிய 19 சதவீத வாட் வரியும் திரும்பி வராது. 2021 மார்ச்சில் பந்தய வீரர் வான் டெர் பூலின் ஏரோட் ஹேண்டில்பார் பந்தயத்தில் உடைந்து, ஓட்ட வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. அது பழைய மாடல், இப்போதையது வேறு. ஆனாலும் அப்படி ஒன்று வந்தால் ஜெர்மனியில் கேன்யான் இருக்கும் கோப்ளென்ஸில் இருந்து பாகம் வரும்வரை சென்னையில் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.

பராமரிப்பை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. இந்தச் சைக்கிள்களில் ஆயில் ஓடும் பிரேக் ஹோஸ் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹேண்டில்பார் திரும்ப உதவும் மேல் ஹெட்செட் பேரிங்கின் நடுவே இறங்கிப் போகிறது. உங்கள் முகத்தில் இருந்து சொட்டும் வியர்வை சரியாக அந்த மூடி மேல்தான் விழும், கூடவே ஈசிஆரின் உப்புக்காற்று. பேரிங் துருப்பிடித்தால் விலை பெரிதில்லை, ஆனால் அதைக் கழற்ற ஹோஸைப் பிரித்து, ஆயிலை வடித்து, மறுபடி நிரப்பிக் காற்று எடுக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்குக்கே அரை நாள் வேலை. வருடத்துக்கு 25,000 ஒதுக்கி வையுங்கள், செயின், டயர் எல்லாம் சேர்த்து.

கடைக்குப் போகும்போது மூன்று விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகிவிட்டது. 6 லட்சம் என்று பழைய விலைப்பட்டியல் காட்டினால் அது இப்போது 5,62,500 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது, ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரன்டி என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும், எனவே பில் உங்கள் பெயரில், ஃபிரேம் நம்பரோடு வேண்டும். விழுந்து உடைந்தால் வாரன்டி வராது, தள்ளுபடியில் புது ஃபிரேம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, ஸ்டெம் நீளம், பார் அகலம் இரண்டையும் உங்கள் அளவுக்கு மாற்றித் தருவது விலைக்குள் அடங்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடை ஐம்பதாயிரம் குறைத்தாலும் வேண்டாம்.

6 லட்சத்தில் சைக்கிளுக்கு ஐந்தேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் இரண்டு ஃபிட்டிங், நல்ல டயர் ஒரு ஜோடி, ஏரோ ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய ஜெர்சி. அந்த டயரும் துணியும் 30 கி.மீ. வேகத்தில் தரும் வாட், ஃபிரேமுக்கு ஃபிரேம் இருக்கும் வித்தியாசத்தைவிட அதிகம். முதல் ஃபிட்டிங்கை அடுத்த மாதமே முடித்துவிடுங்கள். இரண்டாவதுக்குப் பிறகு அந்த எண்களையும், கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனையும் எனக்கு அனுப்புங்கள், 52-ஆ 54-ஆ என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.