விலங்குக் காப்பகத்திலிருந்து முதன்முதலாகப் பூனையைத் தத்தெடுக்கிறோம். குட்டியை எடுப்பதா, பெரிய பூனையை எடுப்பதா?

சென்னையில் வாடகை ஃபிளாட், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், இதுவரை பூனை வளர்த்ததில்லை, சனிக்கிழமை காப்பகத்துக்குப் போகப் போகிறோம், குட்டியாக எடுத்தால்தான் ஒட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெரிய பூனையையே எடுங்கள். இரண்டு வயது, மூன்று வயது ஆனது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று புரியும்.

நானும் அம்மாவும் குட்டி எடுக்கத்தான் போனோம். அப்பா போன பிறகு கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா என்னோடு குரோம்பேட்டைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க ஃபிளாட்டில் தனியாக இருப்பார். காப்பகத்தில் பூனைகளுக்கென்று கம்பி வலை அடித்த ஒரு நீள அறை. உள்ளே நுழைந்ததுமே நாலைந்து குட்டிகள் என் துப்பட்டாவைப் பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டன. அம்மா அவற்றைப் பார்க்கவில்லை. கடைசி மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்புக்குள் சுவரைப் பார்த்தபடி ஒரு மூவண்ணப் பூனை படுத்திருந்தது. வெள்ளை, கருப்பு, முதுகில் மஞ்சள் திட்டு. நாங்கள் பேசும்போது காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது, முகம் திரும்பவில்லை.

"அதுக்கு மூணு வயசும்மா. வீடு மாத்திட்டுப் போனவங்க கொண்டாந்து விட்டுட்டாங்க. எட்டு மாசமா இங்கதான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் குட்டியத்தான் கேக்குறாங்க" என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா.

"இவளையே கூட்டிட்டுப் போலாம்டி" என்றார் அம்மா. அவள்தான் பொன்னி.

இப்போது உங்கள் விஷயம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு வேண்டும். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய் இரவு எட்டு மணிக்கு வந்தால் அது நடக்காது. அதோடு குட்டிக்குத் தடுப்பூசி ஒரே தடவையில் முடிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும். இடையில் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் வந்துவிட்டால் குட்டிகள் பிழைப்பது கஷ்டம். வாந்தி, பேதி என்று ஆரம்பித்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். பூனைகள் நெருக்கமாக இருக்கும் எந்த இடத்திலும் இந்த நோய் புகுந்தால் வேகமாகப் பரவும், யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. பெரிய பூனைக்குப் பெரும்பாலும் தடுப்பூசியும் கருத்தடை ஆபரேஷனும் முடித்தே கொடுப்பார்கள். முக்கியமாக, அதன் குணம் தெரிந்துவிட்டது. மடியில் உட்காருமா, மற்ற பூனைகளோடு ஒத்துப்போகுமா, கூச்ச சுபாவமா என்று பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். குட்டி வளர்ந்து எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒட்டாது என்பது வெறும் பயம். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தைக் கொடுக்கத் தயாரா என்பதுதான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

சனிக்கிழமையே பூனையோடு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் ஆதார், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் சம்மதம், பால்கனி போட்டோ எல்லாம் கேட்டார்கள். பால்கனிக்கு வலை அடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மாடியிலிருந்து விழும் பூனைக்குத் தாடை உடையும், நெஞ்சுக்குள் அடிபடும், மேலண்ணம் பிளக்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவர்கள் கேட்டதன் அர்த்தம் புரிந்தது. புறாவுக்கு அடிக்கும் மெல்லிய நைலான் வலை போதாது, கடித்து ஓட்டை போட்டுவிடும். கெட்டியான வலையாகப் போடுங்கள். வீட்டுக்காரரிடம் மறைக்காமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொன்னியை எட்டு மாதம் அந்த டப்பில் உட்கார வைத்தது வீடு மாற்றம்தான்.

வந்த அன்று, அவளைத் தூக்கி வந்த கேரியர் கூண்டைத் திறந்ததும் நேராக பீரோவுக்குப் பின்னால் போனவள்தான், பதினொரு நாள் வெளியே வரவில்லை. பகலில் ஒரு சத்தம் இருக்காது. ராத்திரி நாங்கள் விளக்கை அணைத்த பிறகு கிண்ணம் தரையில் நகரும் சத்தம் கேட்கும், அப்புறம் லிட்டர் தட்டில், அதாவது பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டில், மணலைப் பிறாண்டும் சத்தம். காலையில் பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும், அவள் பழையபடி பீரோவுக்குப் பின்னால் இருப்பாள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பதறிப்போய்க் கையை விட்டு இழுக்கிறார்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரே அறை, அதில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் லிட்டர் தட்டு. இது போதும். காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைக் கேட்டு வாங்கி வந்து அந்தப் பெட்டியில் போடுங்கள். பூனைக்குத் தன் வாசனை இருக்கும் இடம்தான் வீடு. அம்மா தினமும் மத்தியானம் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார், பூத் தொடுப்பார். பொன்னியைப் பார்க்கவும் மாட்டார், கூப்பிடவும் மாட்டார். நான் செய்த எதையும்விட அதுதான் வேலை செய்தது.

நாலாம் நாள் காலையில் கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது. தும்மல், ஒரு கண்ணில் நீர். மறுநாளும் அப்படியே. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நாய் போலப் பூனையைப் பட்டினி விட்டுப் பார்க்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது, அங்குள்ள மருத்துவமனையில் செல்லப் பிராணிகளையும் பார்க்கிறார்கள். தூசி, இடமாற்றம் என்று எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். பூனைகளுக்கு வரும் ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடுமாம், புது இடத்துப் பயத்தில் மறுபடி தலைதூக்குமாம். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. மருந்தோடு, சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கி வையுங்கள் என்றார் மருத்துவர். நெத்திலியை உப்பு போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு பிசைந்து பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் மீன் வெந்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூனை என்றால் பால் என்பது நமக்கு ஊறிப்போன விஷயம், ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதிதான் ஆகும். தயிர்சாதத்திலும் பூனை உயிர் வாழாது. அதற்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நீங்கள் சைவமாக இருந்தால் கடையில் விற்கும் பூனை உணவையாவது வாங்கிக் கொடுக்க மனசு இருக்க வேண்டும். அது முடியாது என்றால் எடுக்காதீர்கள்.

அடுத்தது ஃபினாயில். தினமும் ஃபினாயில் ஊற்றித் தரை துடைக்கும் வீடு எங்களுடையது. பீனால் கலந்த திரவங்கள் பூனைக்கு விஷம், ஏனென்றால் அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அப்படியே உள்ளே போய்விடும். வேப்பேரியில் இதைக் கேட்டுவிட்டு வந்த அன்றே பாட்டிலை அகற்றினோம். இதே காரணத்தால்தான் நாம் ஜுரத்துக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். பீரோவில் போடும் அந்துருண்டை, நாய்க்கு முதுகில் விடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து, பூங்கொத்தில் வரும் லில்லி, வெங்காயம், பூண்டு எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். லில்லியின் மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

குழந்தைக்குத் திட்டமிடும்போது பூனையை வெளியே அனுப்பச் சொல்வார்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை நினைத்துச் சொல்வது அது. பூனையின் மலத்தில் வந்தாலும் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். லிட்டர் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால், அதையும் கணவர் செய்தால், வெந்த சாப்பாடு சாப்பிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையால் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் நாள் ராத்திரி அம்மா கட்டிலில் படுத்திருந்தார், நான் கீழே பாயில். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பொன்னி பீரோ ஓரமாக வந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் பாயைச் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிலில் ஏறி, அம்மாவின் தொங்கிக்கொண்டிருந்த கையில் நெற்றியை வைத்து அழுத்தினாள். அம்மா அசையவில்லை, மூச்சுகூடச் சின்னதாக விட்டார். புடவைத் தலைப்பை முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைந்துவிட்டு, அதன் மேலேயே சுருண்டுகொண்டாள். சுகத்தில் அவள் எழுப்பிய குர்குர் சத்தம் கீழே பாய் வரைக்கும் கேட்டது. விடிகிற வரை அம்மா புரண்டு படுக்கவே இல்லை. இப்போது மூன்று வருஷம் ஆகிறது. குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று சொன்ன எதிர்வீட்டு மாமியும் ஊருக்குப் போய் வந்தால் முதலில் பொன்னியைத்தான் விசாரிக்கிறார்.

எந்தக் காப்பகம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் மாதிரிப் பெரியதும் இருக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்து நடத்துவதும் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் தடுப்பூசிச் சீட்டு, கருத்தடை செய்த தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு எந்தக் காரணத்தாலோ முடியவில்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தெருவில் விடாதீர்கள். 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இருக்கட்டும், வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு வைத்து முடித்த பிறகு போங்கள், அப்போதுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கும். குட்டிகள் ஓடி வந்து மேலே ஏறும், ஏறட்டும், கொஞ்சிவிட்டு இறக்கி விடுங்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, பின்னால் மூலையில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பெயரையும், எத்தனை மாதமாக அங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.