ஒரு கோப்பையும் எட்டுக் கோப்பையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரோல் ஹட்சின்ஸ் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணிக்கு 38 சீசன் கோச், கோச் வாழ்க்கை முழுக்கச் சேர்த்து 1,707 வெற்றிகள். சரி, ஆனால் தேசியக் கோப்பை ஒன்றே ஒன்றுதானே? அரிசோனா பல்கலைக்கழகக் கோச்சாக இருந்த மைக் கேன்ட்ரியா எட்டு வென்றிருக்கிறார். அவரைவிட ஹட்சின்ஸை நீங்கள் உயர்த்திப் பிடிப்பது, பெண் என்பதற்காகக் கொடுத்த சலுகையாகப் படுகிறது. கோச்சின் வேலை ஜெயிப்பதுதானே?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கோப்பைக் கணக்கில் கேன்ட்ரியாதான் பெரியவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கும் அவர்தான் கோச். அந்த அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது ஒரே ஒரு ரன். இதில் நான் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் ஊரையும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரி சாஃப்ட்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்குகிறது. அரிசோனா அணியின் டூசான் பாலைவன ஊர், அப்போதே வெளியில் ஆடலாம். மிஷிகனின் ஆன் ஆர்பரில் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். கூரைக்குள் பயிற்சி எடுத்துவிட்டு, முதல் சில வாரங்கள் தெற்கே வெயில் உள்ள ஊர்களுக்குப் போய் ஆடியாக வேண்டும். நல்ல ஆட்டக்காரிகளும் வருடம் முழுக்க ஆட முடிகிற கலிஃபோர்னியா பக்கம்தான் அதிகம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இந்தத் தேசியக் கோப்பைப் போட்டியை 1982இல் தொடங்கியதிலிருந்து 2004 வரை, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு கோப்பைகூட வரவில்லை.

முதலில் வந்தது 2005இல், ஹட்சின்ஸ் அணிக்கு. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியுடன் மூன்று ஆட்ட இறுதிச் சுற்று. முதலாவதில் தோற்று, இரண்டாவதில் ஜெயித்தார்கள். ஏழு இன்னிங்ஸில் (இரு அணிகளும் மாறி மாறி ஏழு முறை பேட் செய்வது) முடிய வேண்டிய மூன்றாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. அதில் முதல் வருட மாணவி சமாந்தா ஃபின்ட்லி அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன் வந்தது, கோப்பை கைக்கு வந்தது. ஹட்சின்ஸ் தலைமைக் கோச்சாகி அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது. இந்த ஒன்றை அந்த எட்டோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சலுகை என்றீர்கள். ஹட்சின்ஸ் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிஷிகன் ஸ்டேட்டில் மாணவியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சாஃப்ட்பாலோடு கூடைப்பந்தும் ஆடியவர். அதே கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணியில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான மேஜிக் ஜான்சன் இருந்தார், 1979இல் தேசியக் கோப்பையும் வென்றார்கள். ஆண்களுக்குக் கிடைத்த சாப்பாட்டு பேட்டாவும் பயண வசதியும் பெண்களுக்கு இல்லை. அதே வருடம் பெண்கள் அணியினர் கல்லூரி மீது வழக்குப் போட்டார்கள். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு ஹட்சின்ஸ் பெயரில்தான் இருக்கிறது. கோச் வேலை தேடும் வயதில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் அவர்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளின் கோச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். சம்பளம் பெரிதாக இல்லை, வேறு யாரும் அந்த வேலையைத் தேடி வரவுமில்லை. சட்டம் வந்து பணமும் மதிப்பும் கூடியதும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள். ஆளை எடுக்கும் விளையாட்டு இயக்குநர்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண் கோச்சுகளின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. கேன்ட்ரியா மேல் குற்றம் சொல்லவில்லை, அவர் தன் வேலையை அற்புதமாகச் செய்தார். ஆனால் இந்த வேலையில் சலுகை யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

ஹட்சின்ஸ் இதைப் பல மேடைகளில் வெளிப்படையாகப் பேசியவர், பேசியபடி ஆளும் தயார் செய்தார். பானி தோல் அவரிடம் ஆடியவர், 1994 முதல் அவருக்கு உதவிக் கோச். 2022இல் ஹட்சின்ஸ் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி தோலுக்குப் போனது. வெளியே ஆள் தேட வேண்டிய தேவை மிஷிகனுக்கு வரவில்லை.