சோதனையில் வேகம், நேரலையில் தாமதம்: சோதனைத் தரவின் அளவுகளைப் பாருங்கள்

வணக்கம். ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியில் 200 வாடிக்கை நிறுவனங்களை வைத்துச் சோதித்தபோது சீராக இயங்கிய உங்கள் சேவை, நேரலையில் ஒரு பெரிய நிறுவனம் மாத இறுதி அறிக்கை எடுக்கும்போது எல்லோருக்கும் தாமதமாவதாக எழுதியிருந்தீர்கள். சேவையகத்தைப் பெரிதாக்கும் முன் சோதனைத் தரவைப் பாருங்கள். 200 நிறுவனங்களுக்கும் ஒரே அளவில் பதிவுகளை நிரப்பியிருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்), இந்தச் சிக்கல் சோதனையில் தலைகாட்டவே செய்யாது.

அனைவரின் பதிவுகளும் ஒரே அட்டவணையில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், முன்தயாரித்த வினவல் (மதிப்புகளை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் இயக்கப்படுவது) முதல் 5 முறை அந்தந்த மதிப்புக்கேற்பத் திட்டமிடப்பட்டு, பிறகு செலவு மதிப்பீடு இடம்கொடுத்தால் எல்லா மதிப்புகளுக்கும் ஒரே பொதுத் திட்டத்துக்கு மாறிவிடும். சிறிய நிறுவனத்துக்குப் பொருந்தும் அத்திட்டம், பல லட்சம் வரிசைகள் கொண்ட நிறுவனத்துக்குப் பெருஞ்சுமையாகலாம். போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பு முதல் உள்ள ‘பிளான் கேஷ் மோட்’ அமைப்பை ‘ஃபோர்ஸ் கஸ்டம் பிளான்’ என மாற்றி அந்த அறிக்கையை ஓட்டிப் பாருங்கள்; வேகம் கூடினால் இதுவே காரணம் என்பது உறுதியாகும்.

மற்றவர்கள் பாதிக்கப்படுவதற்குப் பொதுவான கனெக்‌ஷன் பூலே (எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு) காரணம் என்பது என் ஊகம். அறிக்கைகளுக்குத் தனிப் பூல் ஒதுக்கிவிட்டு, மறுசோதனையில் சராசரியை விடுத்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 99ஆம் சதமான மறுமொழி நேரத்தை (100இல் 99 கோரிக்கைகள் அதற்குள் முடிந்துவிடும் நேரம்) தனித்தனியே அளந்து இங்கே பகிருங்கள்.