கையாலா, இயந்திரத்தாலா?

கேள்வி: துகள் மோதல் சோதனைகளுக்கான சிலிக்கன் உணரிகளைக் கையாலா செய்கிறார்கள்? அவற்றை ஏன் குளிரில் வைக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: இரண்டும் வேண்டும் அம்மா, கையும் இயந்திரமும். நான் குடியாத்தத்துக்காரன். அப்பாவின் தறியில் அறுந்த இழையை முடிந்து பழகிய விரல்களோடுதான் ஓர் ஆய்வுக்கூடத்தின் தூசியில்லா அறைக்குள் நுழைந்தேன்.

மோதலில் சிதறும் துகள்களின் தடத்தைப் பதிவுசெய்யும் இந்த உணரித் தகட்டின் கனம் 0.3 மில்லிமீட்டர் அளவுதான். அதன்மேல் நெருக்கமாக ஓடும் பட்டைகள் ஒவ்வொன்றையும் மின்னணுச் சில்லுடன் இணைக்க வேண்டும். அதற்கான அலுமினியக் கம்பி 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. உருக்கிப் பற்றவைப்பது கிடையாது, இயந்திரம் மீயொலி அதிர்வோடு அழுத்தினால் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை என் கையுறை உரசி, ஒரு வரிசைக் கம்பிகள் சாய்ந்துவிட்டன. நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக நீக்கி, மறுபடி பிணைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஜெனீவா அருகே செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்தில், மோதல்களைப் பதிவுசெய்யும் சி.எம்.எஸ். கருவியில் இத்தகைய சிலிக்கன் சுமார் 200 சதுர மீட்டர்! அத்தனைக்கும் யாரோ இப்படிக் கண் விழித்துப் பார்த்திருக்கிறார்கள்.

குளிருக்குக் காரணம் மோதல்களிலிருந்து வரும் கதிர்வீச்சு. அது சிலிக்கன் படிகத்தைச் சிதைக்கச் சிதைக்கக் கசிவு மின்னோட்டம், அதாவது துகள் எதுவும் படாதபோதும் கசியும் மின்னோட்டம், ஏறும். அந்த மின்னோட்டமே தகட்டைச் சூடாக்கும், சூடு மேலும் கசிய வைக்கும். அதனால் சுழியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்கிறார்கள்.

விரல் நடுங்காதென்றால், தயங்காமல் இந்த வேலைக்கு வா.