மலைக்காற்று சுத்தம்தான், குசினிக் காற்று?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஹட்டனுக்கு அருகே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பீடி, சுருட்டு தொட்டதில்லை. லயத்து வீட்டில் இன்றும் விறகடுப்புத்தான். சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, மார்பு இறுகுகிறது. "மலைக்காற்றில் வாழ்பவருக்குப் புகையால் என்ன வரும், வயதுக் கோளாறுதான்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. படியேறும்போது மார்பு இறுகுவதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நாளையே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று ஈசிஜி எடுங்கள். சும்மா இருக்கும்போதே மார்பு வலித்து வியர்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள்.

புகை என்றதும் எல்லோரும் நுரையீரலையே நினைக்கிறார்கள். எனக்குக் கூடுதல் அச்சம் இதயத்தைப் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் வீட்டு அடுப்புப் புகையால் உலகெங்கும் இறந்தவர்கள் சுமார் 32 இலட்சம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தது இதய இரத்தக்குழாய் அடைப்பால். 100 பேரில் 23 பேர் பாரிசவாதத்தால். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்குப் பலியானவர்கள் 19 பேர். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடுகின்றன. அங்கே மூளும் அழற்சி இரத்தக்குழாய்களையும் கெடுத்து, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது.

வெளியே வீசும் காற்று சுத்தமாக இருக்கலாம். அம்மா ஆண்டுக்கணக்கில் சுவாசித்தது அதையல்ல. விடியுமுன், குளிருக்கு அஞ்சிக் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு, மழையில் நனைந்த தேயிலை மிலாறை (செடிக் குச்சிகளை) ஊதி ஊதிப் பற்றவைத்த குசினியின் காற்றைத்தான் சுவாசித்தார். உங்கள் கூரைத் தகரத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். கையில் ஒட்டும் அந்தக் கரியை உண்டாக்கிய புகைதான் அம்மாவின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது.

தொய்வு (ஆஸ்துமா) என்று எண்ணி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, நுரையீரல் ஊதும் பரிசோதனை எல்லாம் தேவை.

எரிவாயு விலை எனக்கும் தெரியும். முடிந்தால் காலைத் தேநீருக்காவது அதைப் பயன்படுத்துங்கள். விறகை உலர்த்தி எரியுங்கள், அடுப்பு எரியும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை அடுப்படியில் உட்காரவிடாதீர்கள். புகைபோக்கி இல்லையென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

கிளினிக்கில் பெரும்பாலும் "புகைப்பிடிப்பாரா?" என்றுதான் கேட்பார்கள். "இல்லை" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.