சிரிக்கிறார்கள், ஆனால் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை

தம்பி, பாரீஸ் புறநகரில் வளர்ந்து, வேலைக்காக பாஸ்டன் வந்திருக்கிறீர்கள். "எல்லோரும் சிரிக்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள், ஒரு நாள் சந்திப்போம் என்கிறார்கள். அந்த ஒரு நாள் வருவதே இல்லை. மேனேஜர் பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஒரு பக்கத்துக்குத் திருத்தம் அனுப்புகிறார். இவர்கள் போலிகளா?" என்று கேட்கிறீர்கள். நானும் 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்ட புதுச்சேரிக் குடும்பம்தான். லியோனில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, பிறகு நியூ ஜெர்சியில் குடியேறியவன். அதனால் உங்கள் எரிச்சல் எங்கிருந்து வருகிறதென்று தெரியும்.

போலி என்று முடிவு கட்டுமுன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பிரான்சில் நிரந்தர ஒப்பந்தத்தில் இருப்பவரை அனுப்புவதென்றால் முதலாளி காரணம் காட்ட வேண்டும், கூப்பிட்டுப் பேச வேண்டும், முன்னறிவிப்பு தர வேண்டும். இங்கே மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், பாகுபாடு போலச் சட்டம் தடுத்த காரணமாக இல்லாதவரை, இன்றைக்கே கிளம்பு என்று சொல்லிவிடலாம். சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. பிரான்சில் 1982 முதல் ஐந்து வாரம். மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான். வேலை போனபின் அதே காப்பீடு வேண்டுமென்றால் பொதுவாக நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். பிரான்சின் பொது மருத்துவக் காப்பீட்டு அட்டையான பச்சை நிற கார்த் வித்தாலைப் பையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் உறைக்கவே நாளாகும்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் யாரை நம்பி இருப்பான்? தெரிந்தவர்களைத்தான். இன்று லிஃப்டில் நலம் விசாரித்தவர் மூலமாக அடுத்த வேலை வரலாம். பிரான்சில் பக்கத்து மேசைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பென்ஷனுக்கும் ஆபத்தில்லை. அந்தத் தைரியத்தில்தான் அங்கே மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறது. இது என் கணிப்பு, சமூகவியல் படித்தவர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

உங்கள் நாட்டுக்காரர் ஒருவரே இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1831இல் இங்கே வந்து சுற்றிய அரசியல் சிந்தனையாளர் அலெக்சி தொக்வில். ஒரு புதுக் காரியம் தொடங்கினால் பிரான்சில் அதன் தலைமையில் அரசாங்கம் நிற்கும், இங்கிலாந்தில் ஒரு பிரபு நிற்பார், அமெரிக்காவில் ஒரு சங்கம் நிற்கும் என்று எழுதினார். இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் தீயணைப்பவர்களே தன்னார்வலர்கள்தான். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் தெருக்காரர்கள் முறை போட்டுச் சாப்பாடு கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, கொண்டு வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இதே நாட்டில்தான் புற்றுநோய் சிகிச்சைக்கு இணையத்தில் பணம் திரட்டுகிறார்கள். முன்னதைப் பார்த்து நெகிழ்ந்தாலும் பின்னதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மேனேஜர் விஷயம். 20க்கு 14 வாங்கினால் நல்ல மார்க் என்ற பள்ளியிலிருந்து வந்தவர் நீங்கள். அங்கே 20 யாருக்கும் எளிதில் கிடைக்காது. இங்கே முதலில் தட்டிக்கொடுத்து, பிறகு குறையைச் சொல்வார்கள். பாராட்டு மெய்தான், ஆனால் உங்கள் வேலை அடுத்த பத்தியில் இருக்கிறது. திருத்தங்களை ஒன்று விடாமல் செய்யுங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது நீங்கள் செய்ததை நீங்களே சொல்லவும் வேண்டும். அடக்கமாக இருந்தால் ஒன்றும் செய்யவில்லை என்றே எழுதிக்கொள்வார்கள். நம் வீட்டு வளர்ப்பும் பிரெஞ்சு வளர்ப்பும் சேர்ந்து இதில் காலை வாரும்.

டிப்ஸ் பற்றிப் புலம்ப வேண்டாம். பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும். இங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து மாறவில்லை. பல மாநிலங்களில் கூடுதல். உட்கார்ந்து சாப்பிட்டால் 18, 20 சதவீதம் வைத்துவிடுங்கள்.

பொட்டு, திருநீறு பற்றி உங்கள் அம்மா கவலைப்படுகிறார் என்றீர்கள். கவலை வேண்டாம். அரசையும் மதத்தையும் பிரித்த 1905 சட்டத்தோடு வளர்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு, மதம் அரசுக்குள் நுழையாமல் இருக்க வேண்டும் என்பதே முதல் அக்கறை. அதன் தொடர்ச்சியாகத்தான் 2004இல் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களுக்குத் தடை வந்தது. இங்கே தலைப்பாகையோடும் முக்காடோடும் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். டாலர் நோட்டிலேயே கடவுள் பெயர் இருக்கிறது! எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், அந்த "ஒரு நாள் சந்திப்போம்". அது அழைப்பாகாது, உங்களோடு பழக மறுப்பில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சனிக்கிழமை 6 மணிக்கு எங்கள் வீட்டில் தோசை, வருகிறீர்களா என்று நீங்கள் கேளுங்கள். வருவார்கள். 8.30க்குக் கிளம்பியும் விடுவார்கள், பாரீஸ் மாதிரி நள்ளிரவுவரை மேசையில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகஸ்டில் மூன்று வாரம் புதுச்சேரி போவது பற்றி: விடுப்பு எத்தனை நாள் சேரும் என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் மூன்றாவது வாரத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.